சொர்க்கம் தராத படங்கள்

1946ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டனிலிருந்து மலாயாவுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி; பெற்றவர் இங்கே பள்ளி ஆசிரியராக இருந்த எஸ். துரைராஜசிங்கம். குமாரசுவாமிக்கு எழுபது வயது நிறையவிருந்த தறுவாயில் அவரைப் பற்றி ஒரு நூல் தொகுக்க நினைத்த துரைராஜசிங்கம், வாழ்க்கைக் குறிப்புகள் கேட்டு எழுதியிருந்தார். வந்த பதிலில் பூசி மெழுகல் இல்லை. பெயர்பெற்ற மனிதர்களின் சொந்த வாழ்க்கையை அச்சிட்டுப் பரப்புவது தகாத ஆவலுக்குத் தீனி போடும் வேலை. தம்மைப் பற்றி மிகக் குறைவாகச் சொன்னால் போதும். நூலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தம் பணியைப் பற்றியே இருக்க வேண்டும். மனிதரின் உருவத்தைத் தீட்டுவது சொர்க்கத்துக்கு வழிகாட்டாது என்று சிற்ப நூல்கள் சொல்வதை மறக்க வேண்டாம். இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

இப்படிச் சொன்னவர் உருவப்படம் என்பதே அறியாத துறவி அல்லர். 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1930இல் அந்த அருங்காட்சியகத்தின் முகலாய ஓவியங்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதி வெளியிட்டவர். அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்தில் அமீர்கள் எனப்பட்ட உயர் அதிகாரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, இது யார், எந்தப் பதவி, எந்த ஆண்டு என்று தேடி எழுதிய தமிழர். அவர் சொன்னதை மீறி, அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் அவருடைய படங்களையும் கடிதங்களையும் சேகரித்துப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சொந்தச் செலவில் வெளியிட்டவர் துரைராஜசிங்கம். இந்தக் கருத்து வேறுபாட்டில் நியாயம் துரைராஜசிங்கத்தின் பக்கம் இருந்தது என்பதே என் வாதம். அதற்கான சான்று குமாரசுவாமி பட்டியலிட்ட அதே முகலாயப் படங்களில் கிடைக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்து மறைந்த தமிழர்களின் படங்களை, இருக்கும் படங்களையும் இல்லாமற்போன படங்களையும் சேர்த்து, அந்தச் சான்றோடு ஒப்பிட்டால் அது இன்னும் தெளிவாகும்.

அக்பர் தம்முடைய உருவத்தைத் தீட்டச் செய்ததோடு நில்லாமல், நாட்டின் பெரிய அதிகாரிகள் அனைவரின் உருவங்களையும் தீட்ட ஆணையிட்டார் என்றும், அவை பெரியதோர் ஏடாகத் தொகுக்கப்பட்டன என்றும் அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதுகிறார். அதனால் இறந்தவர்களுக்கு மறுவாழ்வும் இருப்பவர்களுக்கு அழியாமையும் கிடைத்தன என்பது அவர் தரும் விளக்கம். இந்த விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இது கலைப்பற்று மிக்க ஓர் அரசரின் ஆசை என்று தோன்றும். ஆனால் அந்த ஏடு உருவான காலத்தைப் பார்க்க வேண்டும். மன்சப் என்ற பதவி முறை அப்போதுதான் நிலைபெறுகிறது. ஒவ்வோர் அதிகாரிக்கும் இத்தனை என்று எண்ணால் குறித்த தகுதி, அதற்கேற்ற சம்பளம், அதற்கேற்றபடி வைத்திருக்க வேண்டிய குதிரை வீரர்களின் எண்ணிக்கை. துருக்கியர், ஈரானியர், ராஜபுத்திரர், இந்திய முஸ்லிம்கள் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்களை ஒரே பதிவேட்டில் கொண்டுவந்த ஆட்சி அது. பரம்பரை நிலம் இல்லாமல் பதவியால் மட்டுமே பெரியவரான ஒருவரை அரசு அறிந்துவைத்திருக்க வேண்டும். யார் எங்கே நிற்கலாம், சிம்மாசனத்துக்கு எத்தனை தொலைவில் நிற்கலாம் என்பதெல்லாம் தர்பாரில் தடுப்பு வேலிகளால் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. உருவப்படங்களின் ஏடு அந்தப் பதிவேட்டின் வண்ணப் பிரதி என்றே நான் கருதுகிறேன். பச்சை நிறப் பின்புலத்தில் தனியே நிற்கும் அமீரின் படத்தில் இடைக்கச்சு, கட்டாரி, தலைப்பாகையின் கட்டு, கையில் ஊன்றிய வாள் எல்லாம் ஒரு நகைக்கடைக்காரரின் கவனத்தோடு தீட்டப்பட்டிருக்கும். அவர் யார் என்பதோடு எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் படம் சொல்லிவிடும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். பதிவேடு மட்டும்தான் நோக்கம் என்றால் இனாயத் கானின் படத்துக்கு என்ன விளக்கம்? ஜஹாங்கீரின் நெருங்கிய பணியாளரான இவர் அபினாலும் மதுவாலும் உடல் உருகி, 1618இல் சாகும் தறுவாயில் பல்லக்கில் அரசரின் முன் கொண்டுவரப்பட்டார். எலும்பின்மேல் தோல் போர்த்தது போன்ற அந்த உடலைக் கண்டு அதிர்ந்துபோன ஜஹாங்கீர், ஓவியர்களை அழைத்து அந்த நிலையிலேயே தீட்டச் சொன்னதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மறுநாளே இனாயத் கான் இறந்துபோனார். வண்ணமிட்ட படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கோட்டோவியம் குமாரசுவாமி பணியாற்றிய அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய திண்டுகளுக்கு நடுவே சாய்ந்திருக்கும் உடல், திறந்த மேலாடைக்குள் வரிசையாகத் தெரியும் விலா எலும்புகள், மெலிந்த கழுத்து, எதையும் பார்க்காத கண்கள். இதில் பதவியின் மினுக்கம் எதுவும் இல்லை. ஒரு மனிதனின் சாவை இவ்வளவு உற்றுப் பார்த்த படம் அந்த நூற்றாண்டில் உலகில் எங்கும் மிகக் குறைவு. முகலாய ஓவியர்கள் முகத்தின் தனித்தன்மையை உண்மையிலேயே நேசித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. பிஷன்தாஸ் என்ற ஓவியரை 1613இல் கான் ஆலமின் தூதுக்குழுவோடு ஈரானுக்கு அனுப்பி ஷா அப்பாஸின் உருவத்தைத் தீட்டி வரச் செய்த ஜஹாங்கீர், அது அப்படியே இருக்கிறதென்று அறிந்ததும் அவருக்கு யானை ஒன்றைப் பரிசளித்தார். உருவ ஒற்றுமைக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை அசைப்பதற்குப் பதில் கூர்மையாக்குகிறது. திண்டுகளில் சாய்ந்திருக்கும் அந்த நோயாளி இனாயத் கான்தான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஜஹாங்கீர் எழுதிவைத்ததால் தெரிகிறது. அந்தக் குறிப்பு மட்டும் அழிந்திருந்தால் அது பெயரில்லாத ஒரு நோயாளியின் படமாக, மிக அழகான படமாக, வரலாறு இல்லாத படமாக நின்றிருக்கும்.

ஆகவே முகலாயப் படங்களில் நான் முக்கியமாகக் காண்பது சாயத்தின் ஓரத்தில் இருக்கும் எழுத்து. பல படங்களில் இது இன்னாரின் உருவம், இன்ன ஓவியரின் கைவேலை என்று ஜஹாங்கீரும் ஷாஜஹானும் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். ஷாஜஹானின் வரலாற்றைச் சொல்லும் 'பாதுஷாநாமா'வின் விண்ட்சர் பிரதியில் தர்பார் காட்சிகளில் நெருங்கி நிற்கும் அமீர்கள் சிலரின் உடையிலேயே, உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாத சிறு எழுத்தில் பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, தைமூர் வம்சத்தாரைக் காட்டும் பெரிய துணி ஓவியத்தில், முதலில் தீட்டப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அடுத்தடுத்த தலைமுறையினரின் உருவங்கள் சேர்க்கப்பட்டன. குடும்பம் வளர வளரப் படமும் வளர்ந்தது. எழுத்து இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு அந்தப்புரம் சாட்சி. ஷாஜஹானின் மகன் தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு அளித்த ஏடு லண்டனில் இருக்கிறது. அதில் பெண்களின் படங்கள் உண்டு. கையில் மலரோடும் கோப்பையோடும் நிற்கும் அந்தப் பெண்கள் எவரையும் இன்று உறுதியாகப் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. அமீரின் முகம் வரலாறாயிற்று. அவர் வீட்டுப் பெண்ணின் முகம் அழகுப் பொருளாயிற்று. திறமையில் குறைவில்லை. பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பதிவேடும் அதே ஆட்சியில் இருந்தது. கலை வரலாற்று நூல்கள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அமீர்கள் வாடகைக் குதிரைகளையும் கூலி ஆட்களையும் கணக்குக் காட்டிச் சம்பளம் வாங்குவதைத் தடுக்க, அக்பர் 1570களில் குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இடும் முறையைக் கொண்டுவந்தார். கூடவே ஒவ்வொரு வீரனுக்கும் 'செஹ்ரா' என்றோர் அடையாளப் பட்டி எழுதப்பட்டது. வீரனின் பெயர், தகப்பன் பெயர், சாதி அல்லது குலம், ஊர், நிறம், நெற்றி, புருவம், கண், மச்சம், தழும்பு என்று உடலைச் சொற்களால் அளந்துவைத்த பட்டி அது. மேலே நிற்பவருக்குத் தூரிகை, கீழே நிற்பவனுக்கு மச்சமும் தழும்பும். முதலாவது அவரை நினைவில் வைக்க. இரண்டாவது அவன் ஏமாற்றாமல் இருக்க. ஒரே அரசு, ஒரே காலம், முகத்தைப் பதிவதில் இரண்டு வழி. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம் பக்கத்துக்கு வர வேண்டும்.

முகலாய உருவப்படம் தென்னாட்டுக்கும் வந்தது. முகலாய இளவரசரிடம் வேலை பார்த்து, 1686 அளவில் சென்னைக்கு வந்து தங்கிய வெனிஸ்காரர் நிக்கோலாவோ மனுச்சி, மீர் முகம்மது என்ற ஓவியரைக் கொண்டு முன்பே தீட்டுவித்திருந்த அரச குடும்பத்துப் படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவை பாரிஸில் இருக்கின்றன. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, பிரிட்டிஷ் ஓவியர்களான டில்லி கெட்டிலையும் ஜார்ஜ் வில்லிசனையும் சென்னையில் அமர்த்தித் தம்மையும் தம் பிள்ளைகளையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டார். தஞ்சாவூரில் சரபோஜி காலத்தில் அரசர்களின் படங்கள் பெயரோடு தீட்டப்பட்டன. அதே தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைமார்களுக்கு விற்பதற்காக வேறு வகைப் படங்களையும் தீட்டினார்கள்: ஆணும் பெண்ணுமாக ஒரு குயவர் இணை, ஒரு நெசவாளர் இணை, ஒரு சாணார் இணை. கீழே தொழிலின் பெயர், சாதியின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. இந்த வகைப் படம்தான் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் விற்ற தபால் அட்டைகளில் தமிழர்கள் 'கிளிங்' என்ற தலைப்பின் கீழ் நின்றார்கள். மூக்குத்தியும் காதணியும் தெளிவாகத் தெரியும் பெண்ணின் முகம். கீழே இனத்தின் பெயர் மட்டும்.

பெயரோடு படம் பெற்றவர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரில் 1850இல் பிறந்து, ராஃபிள்ஸ் பள்ளியில் படித்து, சிலாங்கூர் கருவூலத்தில் பணியாற்றி, பிறகு ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திய கே. தம்புசாமி பிள்ளையின் முகம் நமக்குத் தெரியும். மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் 1893இல் தொடங்கிய விக்டோரியா பள்ளியோடும் அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. 1902இல் மறைந்தவருக்குக் கோலாலம்பூரில் இன்றும் ஒரு சாலை உண்டு. 1908இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்து லண்டனில் வெளியான பிரிட்டிஷ் மலாயா பற்றிய பெரிய தொகுப்பைப் புரட்டினால், துரைமார், சீன முதலாளிமார், மலாய் அரச குடும்பத்தார், மற்ற இனத்துச் செல்வர் ஆகியோரின் படங்கள் வரிசையாக வருகின்றன. பல இடங்களில் அவர்களுடைய மாளிகையும் குடும்பமும் கூடவே அச்சாகியிருக்கின்றன. அக்பரின் ஏட்டுக்கு மலாயாவில் ஓர் உறவு உண்டென்றால் இதுதான். பதவியும் சொத்தும் உள்ளவர் முகத்தோடும் பெயரோடும் இடம்பெறுகிறார்.

இந்த இரு முனைகளுக்கும் நடுவே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இருந்தது. ரயில்வே வந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார், ஸ்டேஷன் மாஸ்டர்கள், தொழில்நுட்பர்கள் அங்கே அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். விவேகானந்தா ஆசிரமமும் கந்தசுவாமி கோயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தன. இவர்கள் விட்டுச்சென்ற படங்களில் மிகுதியானவை அலுவலகக் குழுப் படங்கள். யாரேனும் மாற்றலாகும்போதோ ஓய்வுபெறும்போதோ எடுக்கும் படம் அது. நடுவில் நாற்காலியில் துரை. அவருக்கு இருபுறமும் மூத்த கிராணிமார், முழங்கால்மேல் கையை ஊன்றி. பின்னால் நிற்கும் வரிசையில் இளையவர்கள். முன்னால் தரையில் சம்மணமிட்டுப் பியூன்களும் தண்டல்களும். படத்தை ஒட்டிய அட்டையின் அடியில் பெயர்கள் இருந்தால், அவை நாற்காலியில் தொடங்கிப் பின்வரிசையில் முடிந்துவிடும். தரையில் உட்கார்ந்தவர்கள் வரை அநேகமாக வருவதில்லை. தர்பார் வேலிகளின் கணக்கு நாற்காலிகளின் கணக்காக மாறியிருக்கிறது.

ரயில் பாதையில் இன்னும் சற்று மேற்கே போனால் கிள்ளான். அதைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களுக்குக் குழுப் படத்தில் தரைகூடக் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர் செக்ரோலில் இருந்தது: கங்காணி வாரியாக, அன்றைய வேலைக்கு வந்தாரா இல்லையா என்ற குறியோடு. அவர்களுடைய முகம் தபால் அட்டையில் இருந்தது, பெயரில்லாமல். பெயர் ஒரு தாளிலும் முகம் வேறொரு தாளிலும் கிடந்தன. இரண்டையும் சேர்த்துவைக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. உடல் எப்படி நிற்க வேண்டும் என்பதில் மட்டும் தோட்டம் கண்டிப்பாக இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இந்தச் சைக்கிள் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்பதும் இருந்தது. போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டுகளில், ஜப்பானியர் ஆட்சியில், சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் படைவீரர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. வரிசை பிசகாத கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர். அதே பாதையில் அவர்களைவிட மிகுதியாக மடிந்த ஆசியத் தொழிலாளருக்கு அப்படி ஒரு பெயர்வரிசை இல்லை. பெயர் எழுதுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

தோட்டத் தமிழரின் பெயரும் முகமும் ஒரே தாளில் பெருமளவில் ஒன்றுசேர்ந்தது 1948க்குப் பிறகு. அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் 12 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் வேண்டும். படமெடுக்கும் குழுக்கள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் போயின. கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் கார்டுகளைப் பறித்துக் கிழித்தார்கள். ஆட்சி இதைச் செய்தது தொழிலாளியை நினைவில் வைக்க அல்ல. யார் காட்டுக்குள் இருப்பவர், யார் வெளியில் இருப்பவர் என்று பிரித்தறிய. ஆகவே இது அக்பரின் உருவப்பட ஏட்டின் வாரிசு அல்ல, செஹ்ராவின் வாரிசு. நேரே பார்க்கும் முகம், வெறும் பின்புலம், ஒரு எண். ஆனாலும் தோட்டப்புறத்தில் எத்தனையோ பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் தனியாக எடுத்த படம் என்று இருந்தது அது ஒன்றுதான். அவர்கள் இறந்தபோது பிள்ளைகள் அந்தச் சின்னப் படத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையிட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சந்தேகத்துக்காக எடுத்த படம் வணக்கத்துக்குரிய படமாயிற்று. வரலாற்றில் நான் மதிக்கும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

ஸ்டுடியோக்கள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் போருக்கு முன்பே இருந்தனவே, கல்யாணத்துக்கும் ஊருக்கு அனுப்பவும் தொழிலாளரும் படமெடுத்துக்கொண்டார்களே, பிறகு எப்படி முகமில்லாதவர்கள் என்று சொல்லலாம் என்று கேட்கலாம். சரியான கேள்வி. படங்கள் இருந்தன. ஆனால் முகலாயப் படங்களைக் காப்பாற்றியவை அரண்மனை நூலகங்கள். தோட்டத் தொழிலாளியின் படத்தைக் காப்பாற்ற ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது. அந்தப் பெட்டியும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன; 1971 ஜனவரி வெள்ளம் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் மூழ்கடித்தது; பிற்பாடு புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் காலியாகி, குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிகளுக்குப் போயின. ஒவ்வொரு இடமாற்றத்திலும் படங்கள் குறைந்தன. தப்பிய படங்களிலும் பின்புறம் வெற்றாக இருக்கும். எடுத்த நாளில் அது யார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எழுதிவைக்கத் தோன்றாது. இரண்டு தலைமுறைக்குப் பிறகு நாதிரா பானுவின் ஏட்டிலுள்ள பெண்களின் நிலைதான்.

குமாரசுவாமியின் எதிர்ப்பு இதையெல்லாம்விட ஆழமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1916இல் வெளியிட்ட 'ராஜபுத்திர ஓவியம்' நூலிலேயே அவர் முகலாயக் கலையை, தனி மனிதரிலும் கடந்துபோகும் கணத்திலும் ஊன்றிய கலை என்று பிரித்துவைத்தார். ராஜபுத்திர ஓவியத்தில் ராதை என்பவள் எந்த ஒரு பெண்ணும் அல்லள், எல்லாப் பெண்ணும்தான். உயர்ந்த கலை அப்படித்தான் இருக்கும் என்பது அவர் நிலை. 'ஏன் கலைப்படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறோம்' என்ற பொருளில் தலைப்பிட்ட பிற்கால நூலிலும், முன்னோரின் உருவம் அவர்களுடைய தோற்றத்தின் நகலாக இருக்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். தனிமனித வழிபாடு மண்டிக் கிடக்கும் காலத்தில் இந்தக் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அது மரபு முழுவதின் குரல் அல்ல. நம் நடுகல் மரபையே எடுத்துக்கொள்வோம். கல்லில் செதுக்கிய வீரனின் முகம் பொதுவான முகம்தான்; அந்த அளவுக்குக் குமாரசுவாமி சொல்வது சரி. ஆனால் தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், இறந்தவன் யார், யாருடைய சேவகன் என்று பொறித்திருக்கிறார்கள். அரசனுக்கு மட்டும் அல்ல, மாடு மீட்கப் போய் இறந்த ஊர்க்காரனுக்கும் அந்த எழுத்து கிடைத்தது. மனிதனை நினைப்பது சொர்க்கத்துக்கு எதிரானது என்று அவர்கள் எண்ணியிருந்தால் கல்லெடுத்திருக்க மாட்டார்கள். மேலும், தம் பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமை பெயர் உள்ளவருக்குத்தான் உண்டு. சர் பட்டம் பெற்ற முத்து குமாரசுவாமியின் மகன், நூல்கள் பல எழுதியவர், பின்னணியில் நின்றுவிட விரும்பலாம். அவருடைய நூல்கள் அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். செக்ரோலில் குறியாக மட்டும் இருந்தவருக்குப் பின்னணி என்று ஓரிடமே இல்லை.

துரைராஜசிங்கம் அந்தக் கடிதத்துக்குக் கீழ்ப்படியாமல் போனது நமக்கு நன்மையாயிற்று. 1947 செப்டம்பரில் குமாரசுவாமி மறைந்தார். பாராட்டு மலர் குவாந்தானிலிருந்து வந்தது. 1974இல் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நினைவுகளின் பெருந்தொகுப்பு வந்தது. படங்களைப் போடாதே என்று சொன்ன கடிதத்தையே அவர் பாதுகாத்துவைத்ததால்தான் குமாரசுவாமியின் எண்ணம் என்ன என்பதுகூட இன்று தெரிகிறது. அதே கைதான் 1968இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையரின் நூறாண்டு வரலாற்றைத் தொகுத்தது. அதே கைதான் தீபகற்பத்து ஊர்ப்பெயர்களின் கதைகளைச் சேகரித்தது. பல்கலைக்கழகப் பதவியோ மானியமோ இல்லாத ஓர் ஆசிரியர் செய்த வேலை இது. குறை சொல்வதானால், அவருடைய நூறாண்டு நூல் ஓர் உத்தியோகச் சமூகத்தின் நூல். அரசு வேலையும் படிப்பும் உள்ள குடும்பங்கள் தங்களைப் பதிந்துகொண்டன. தோட்டத் தமிழருக்கு அப்படி ஒரு நூலை எழுத அவர்களுக்குள் அன்று கல்வியும் அச்சும் கூடிவரவில்லை. நாற்காலி வரிசை வரை பெயர் எழுதிய அதே அட்டைதான் இங்கும். அதை அவர்மேல் குற்றமாகச் சுமத்த நான் தயாராக இல்லை. தாம் அறிந்த மக்களை அவர் எழுதினார்.

தரையில் இருந்தவர்களின் ஏடு வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற நாளேடுகளின் நினைவஞ்சலிப் பகுதியைச் சொல்கிறேன். கட்டணம் செலுத்தி வெளியிடும் ஒரு கட்டம். மேலே அடையாளக் கார்டிலிருந்து பெரிதாக்கிய முகம். ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு என்று இரண்டு தேதிகள். பெயருக்கு முன்னால் ஊர் அல்லது தோட்டத்தின் பெயர். கீழே கணவர் அல்லது மனைவி, மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் என்று ஒருவர்கூட விட்டுப்போகாமல் உறவுமுறைப்படி பெயர்கள். பிள்ளைகளில் யாரேனும் காலமாகியிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் அதுவும் குறிக்கப்படும். தைமூர் வம்சத் துணி ஓவியம் செய்ததை இது ஒரு கைக்குட்டை அளவு தாளில் செய்கிறது. முகலாய ஏட்டில் கிடைக்காத ஒன்றும் இதில் கிடைக்கிறது. அறுபது ஆண்டு பால்மரம் வெட்டிய கிழவியின் முகம், அவள் பெயரோடும் அவள் பெற்ற பிள்ளைகளின் பெயரோடும், பெரிய மனிதர்களின் அஞ்சலிக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. விளம்பரம் என்று கருதி ஆய்வாளர்கள் தாண்டிப் போகும் பக்கங்கள் இவை. தோட்டத் தமிழருக்கு ஒரு நூறாண்டு நூல் தொகுக்க முனைபவர் யாராக இருந்தாலும், செக்ரோலை ஒரு கையிலும் இந்தப் பக்கங்களை மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் பெயர்களை முகங்களோடு சேர்க்கத் தொடங்க வேண்டும்.